மகனுக்குக் கேட்ட கேள்விகள் எனக்கே கேட்டது போல இருந்தன

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். 11 வருஷமாக ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை பார்க்கிறேன். போன வருஷம் எங்கள் 9 வயதுப் பையனுக்குப் புதுச்சேரியில் ஏ.டி.எச்.டி என்ற கவனக் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். அவனைப் பற்றி டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என்னையே கேட்டது போல இருந்தது. ஊருக்கெல்லாம் ஜி.எஸ்.டி தாக்கல் செய்கிறேன். ஆனால் கடைசி நாளான 20-ம் தேதி ராத்திரி 11 மணிக்குத்தான் எனக்குக் கையே ஓடும். எங்கள் வீட்டு கரண்ட் பில்லைக் கட்ட மறந்து இரண்டு தடவை ஃபியூசைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். பால் பொங்காத நாள் இல்லை. சில நாள் ராத்திரி அழுகிறேன். கணவர் நல்லவர்தான். "ஒரு வாரம் ஃபோனைத் தூக்கி வை, எல்லாம் சரியாகும்" என்கிறார். புதுச்சேரியில் உள்ள அரசு மருத்துவமனையான ஜிப்மருக்குப் போக லீவு கிடைக்காது. யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்றும் இருக்கிறது. தனியாரில் எங்கே போவது, எவ்வளவு ஆகும்? 20 நிமிட வீடியோ காலில் ரிப்போர்ட் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன், அது போதுமா? சின்ன வயதிலேயே இருந்ததற்குச் சான்று வேண்டும் என்கிறார்கள். என் ரேங்க் கார்டெல்லாம் 'தானே' புயலில் ஓடு பறந்தபோது நனைந்து போய்விட்டன. மாத்திரை பழக்கமாகிவிடுமா? ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இத்தனை கேள்விகளுக்கு நடுவில் "சில நாள் ராத்திரி அழுகிறேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் முதலில் அங்கேதான் நின்றேன். அழுகையோடு, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பசியும் தூக்கமும் கெடுவது, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் ஏ.டி.எச்.டி விசாரணையெல்லாம் அப்புறம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நடு ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416-க்கு ஃபோன் செய்யுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைக்காக வந்து, பிள்ளையின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் தன்னைக் கண்டுகொள்ளும் அம்மாவையும் அப்பாவையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு என்று தமிழில் சொல்லப்படும் ஏ.டி.எச்.டி, குடும்பத்தில் ஓடுகிற ஒன்று. இரட்டைப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் 70 முதல் 80 சதவீதம்வரை பரம்பரையால் வருவதாகக் காட்டுகின்றன. அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகம் நியாயமானது என்பதாலேயே நோய் உறுதியாகிவிடாது. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வேலைக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கப் போகிறீர்கள்.

தனியாரில் போகிறவர்கள் பலர் ரிப்போர்ட் என்ற காகிதத்துக்குக் காசு கொடுப்பதாக நினைக்கிறார்கள். நீங்கள் வாங்க வேண்டியது ஒரு மருத்துவரின் நேரம். உட்கார்ந்து, அவசரப்படாமல், உங்கள் 36 வருஷத்தையும் கேட்கிற நேரம். அது கிடைக்கிற இடம் நல்ல இடம். கிடைக்காத இடத்தில் பளபளப்பான கோப்பில் எத்தனை பக்கம் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை.

ஏன் இவ்வளவு நேரம் வேண்டும்? பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி இருக்கிறதா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. மூளை வரைபடம் எடுத்துச் சொல்கிறோம் என்று யாராவது பேக்கேஜ் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பேச்சு வழியாகத்தான் கண்டுபிடிக்க முடியும். டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு 2013-ல் வந்தது. கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சேர்ந்த பக்கத்துக்கு 9 அறிகுறிகள் என்று அதில் இருக்கும். 17 வயது நிரம்பியவர்களுக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் 5 அறிகுறிகளாவது, குறைந்தது 6 மாதமாக இருக்க வேண்டும். வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வாழ்க்கையை உண்மையிலேயே தடுக்க வேண்டும். பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். இதைவிடச் சரியாக விளக்கும் வேறு காரணம் இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைதான் நேரத்தைச் சாப்பிடும். அதைத்தான் 20 நிமிடக் காரர்கள் விட்டுவிடுகிறார்கள். தைராய்டு குறைந்தால் மறதி வரும், மந்தம் வரும். ரத்தசோகை நம் ஊர்ப் பெண்களிடம் எவ்வளவு சகஜம் என்று உங்களுக்குத் தெரியும். அதிலும் கவனம் நிற்காது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் படித்த வரியையே நாலு தடவை படிக்க வேண்டியிருக்கும். என்னிடம் ஒருவர் எல்லா அறிகுறிகளையும் எழுதி எடுத்துக்கொண்டு, ஏ.டி.எச்.டிதான் என்ற முடிவோடே வந்தார். கூட வந்த மனைவி, அவருடைய குறட்டை நடு ராத்திரியில் நின்று நின்று வருவதாகச் சொன்னார். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் அது. அதற்கு வைத்தியம் பார்த்ததும் பகல் தெளிந்தது. மனைவி வராமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

எதிர்த் திசையிலும் தப்பு நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் படித்த காலத்தில் இது பையன்களின் நோய், வளர்ந்தால் போய்விடும் என்பதே பாடம். அந்தப் பாடத்தோடு உட்கார்ந்து, ஓர் ஆசிரியைக்கு இரண்டு வருஷம் பதற்ற நோய்க்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பெஞ்ச் மேல் ஏறிக் குதிக்கிற பையனைப் பற்றிப் பள்ளிக்கூடம் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லும். ஜன்னலைப் பார்த்துக் கனவு காண்கிற பெண் பிள்ளையை "அமைதியான பொண்ணு, கொஞ்சம் கவனக்குறைவு" என்று எழுதி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடும். அந்தப் பிள்ளை வளர்ந்து, மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை மூன்று மணி நேரம் போராடி முடித்து, வெளியே சமர்த்தாகத் தெரியும். களைத்துப் போவது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஆசிரியையிடம் நான் பள்ளிப் பருவத்தைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்கவில்லை. உங்களிடம் அதைக் கேட்கிற மருத்துவரிடம் போங்கள்.

யாரிடம் போவது? நோயைத் தீர்மானித்து மருந்தும் எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். பலகையில் எம்.டி சைக்கியாட்ரி, டி.பி.எம், டி.என்.பி சைக்கியாட்ரி என்று இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் வேறு. விரிவான நேர்காணலும் பரிசோதனைகளும் செய்வார், பிறகு பயிற்சி கொடுப்பார். மருந்து எழுத முடியாது. அவர் இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ-யில் பதிவு செய்தவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்பட மாட்டார்கள். வெறும் 'கவுன்சிலர்' என்ற பலகையை மட்டும் நம்பி இதற்குப் போக வேண்டாம்.

இடம் என்று பார்த்தால், உங்களுக்குத் தூரம் அதிகமில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் ரோட்டு மேலேயே தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வரும். காலாப்பட்டிலும் மதகடிப்பட்டிலும் இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி என்றால் மனநலப் பிரிவு கட்டாயம் இருக்கும். மருத்துவரும் சைக்காலஜிஸ்ட்டும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வாய்ப்பு அதிகம். தனிக் கிளினிக்கில் மாலை நேரம் பார்ப்பார்கள் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. மகனைப் பார்க்கிற மருத்துவரிடமே "பெரியவர்களை நன்றாகப் பார்ப்பவர் யார்?" என்று கேட்பது எல்லாவற்றையும்விட நல்ல வழி. குடும்பக் கதையில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். நான் ஒரு தொகை சொல்லி, நீங்கள் அதை நம்பிப் போய், கவுன்ட்டரில் திகைத்து நிற்க வேண்டாம். போவதற்கு முன்பே ஃபோனில் நான்கு விஷயம் கேளுங்கள். டாக்டர் பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி பார்ப்பாரா? முதல் தடவை எவ்வளவு நேரம் கொடுப்பார்? சைக்காலஜிஸ்ட் பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? திரும்ப வரும்போது எவ்வளவு? "ஒரே தடவையில் ரிப்போர்ட் கொடுத்துவிடுவோம்" என்று பெருமையாகச் சொன்னால் யோசியுங்கள். நான் பொதுவாக இரண்டு தடவை வரச் சொல்வேன். சில சமயம் மூன்றாகும். முதல் இரண்டு மூன்று மாதம்தான் செலவு கூடுதல். மருந்தின் அளவு பிடிபட்ட பிறகு வருகை குறையும். பட்ஜெட் போடும்போது மாதாந்தர மருந்தையும் சேர்த்துப் போடுங்கள்.

உங்களிடம் மெடிக்ளெய்ம் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். மனநலச் சட்டம் 2017-ல் வந்து 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். ஓ.பி செலவுக்குத் தனிப் பிரிவு இருந்தால் மட்டுமே உங்களுக்கு உதவும். பில்களை எடுத்து வையுங்கள். பிற்பாடு புது பாலிசி எடுக்கும்போது இந்தச் சிகிச்சையை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் வேறு எதற்கோ போடும் க்ளெய்ம் கூட நின்றுபோகும்.

ஜிப்மரைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டம் உண்மை, ஒரு நாள் லீவும் போகும். ஆனால் தனியார் செலவு வீட்டுக் கணக்கை உலுக்கும் என்றால் தயங்காமல் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கே போங்கள். தெரிந்தவர் யாராவது அங்கே உங்களைப் பார்த்தால், அவரும் அங்கே வரிசையில்தானே நிற்கிறார். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியார் என்பதாலேயே வைத்தியம் உசத்தி ஆகிவிடாது.

அந்த வீடியோ கால் விளம்பரத்துக்கு வருவோம். வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பதே தவறில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் அதே வழிகாட்டுதல்கள், ஷெட்யூல் எக்ஸ் என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் உள்ளவற்றை வீடியோ வழியாக எழுதக் கூடாது என்கின்றன. ஏ.டி.எச்.டி-க்கு முதலில் யோசிக்கிற மெத்தில்ஃபெனிடேட் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. ஆகவே ரிப்போர்ட்டை வாங்கிய பிறகும் நீங்கள் நேரில் ஒருவரைத் தேட வேண்டும். அவர் 20 நிமிடக் காகிதத்தை நம்பிக் கட்டுப்பாட்டு மருந்தை எழுத மாட்டார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு செலவு.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஏ.எஸ்.ஆர்.எஸ் என்ற 18 கேள்விப் பட்டியல் அது. முதல் 6 கேள்விகள்தான் சல்லடை. சல்லடையில் நின்றால் மேலே பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நோய் இருக்கிறது என்று அர்த்தமல்ல. நிரப்பி எடுத்துக்கொண்டு போங்கள்.

ரேங்க் கார்டு நனைந்து போனதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 காலை கடலூரில் எத்தனை வீட்டுப் பீரோவில் எத்தனை காகிதம் போயிருக்கும்! ஆனால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். 12 வயதுக்கு முன் அறிகுறி இருந்ததா என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். காகிதம்தான் வேண்டும் என்றில்லை. அம்மா இருந்தால் அவரைக் கூட்டிப் போங்கள். அக்கா, சித்தி, கூடப் படித்த தோழி, யாராக இருந்தாலும் சரி. அம்மாவிடம் "எனக்குக் கவனம் இருந்ததா?" என்று கேட்காதீர்கள், "நல்லாத்தான் படிச்ச" என்று சொல்லிவிடுவார். கடைக்கு அனுப்பினால் எதை வாங்காமல் வருவேன், ஒரு வருஷத்தில் எத்தனை ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைத்தேன், வீட்டுப் பாடத்துக்கு எத்தனை தடவை பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது என்று கேளுங்கள். அப்போதுதான் கதை வரும். உங்கள் பையனைப் பார்த்து "உன்னை மாதிரியேதான்" என்று அவர் என்றைக்காவது சொல்லியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்றைய வாழ்க்கைக்கும் உதாரணங்கள் வேண்டும். நீங்கள் கணக்குக்காரர், இது உங்களுக்கு நன்றாக வரும். கரண்ட் பில் தாமதம், கடைசி நேரத்தில் போட்ட ரிட்டர்ன்கள், தொலைத்த சாவி, பாதியில் விட்ட வேலை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 20-ம் தேதி ராத்திரி 11 மணிக்குக் கை ஓடுகிறது என்று எழுதினீர்களே, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நெருக்கடி கழுத்தைப் பிடிக்கும்போது மட்டும் மூளை விழித்துக்கொள்வது எங்களுக்கு முக்கியமான தகவல். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், ஃபோனில் எவ்வளவு நேரம் போகிறது என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பகுதி சரி. தூக்கத்தைத் தின்கிற ஃபோன் யாருடைய கவனத்தையும் கெடுக்கும். ஆனால் ஃபோன் கையில் இல்லாத எட்டாவது வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு அந்தப் பதில் போதாது. அவரையும் ஒரு தடவை கூட்டிப் போங்கள். நீங்கள் நாலு வருஷம் சொல்லிப் புரியாதது அந்த அறையில் அரை மணியில் புரிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரை விஷயம். மெத்தில்ஃபெனிடேட்டுக்குச் சட்டம் கடுமையாக இருப்பதால் பயம் வருவது இயல்பு. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் 2 வருஷம் வைத்திருக்க வேண்டும், அதை விற்கத் தனி உரிமம் வேண்டும். அதனால் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. எழுதிக் கொடுக்கிற மருத்துவமனையின் பார்மசியிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருப்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. சரியான ஆளுக்கு, சொன்ன அளவில், கண்காணிப்போடு கொடுக்கும்போது அடிமையாவது அரிது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம், நாடித் துடிப்பும் பி.பி-யும் சற்று ஏறலாம். அதனால் ஆரம்பிக்கும் முன் பி.பி, எடை பார்ப்பார்கள். உங்களுக்கோ குடும்பத்திலோ இதய நோய் இருந்தால் இ.சி.ஜி கேட்பார்கள். மெத்தில்ஃபெனிடேட் ஒத்துவராதவர்களுக்கு அட்டோமாக்செட்டின் என்ற மருந்து இருக்கிறது. அது மெத்தில்ஃபெனிடேட் போல மூளையைத் தூண்டும் ஊக்கி வகை இல்லை, முழுப் பலன் தெரியச் சில வாரம் பொறுக்க வேண்டும். கர்ப்பம் திட்டமிட்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பையனுடைய மாத்திரை இருந்தால், ஒன்று போட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். உங்கள் பி.பி என்னவென்று தெரியாமல் அது ஆபத்து. அதோடு, அந்த மருந்து ஏ.டி.எச்.டி இல்லாதவர்களுக்கும் கொஞ்ச நேரம் விழிப்பைக் கூட்டும். ஆகவே "போட்டேன், வேலை ஓடியது" என்பது எதையும் நிரூபிக்காது.

மருந்து மட்டும் போதாது என்பதை உங்கள் பையனின் சிகிச்சையிலேயே பார்த்திருப்பீர்கள். வேலையைத் துண்டு போடுவது, கெடுவை 20-க்குப் பதில் 15 என்று இன்னொருவர் முன்னால் ஒப்புக்கொள்வது, கரண்ட் பில்லைத் தானாகக் கட்டும்படி வைத்துவிடுவது போன்றவற்றை சைக்காலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து பழகலாம். பால் வைக்கும்போது அடுப்பை விட்டு நகராதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, அது நடக்காது. அடுப்பை அணைக்க நேரம் வைக்கிற டைமரை வாங்குங்கள்.

ஆபீசுக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும். உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் அதில் உண்டு. வாங்கி வையுங்கள். நாளைக்கு வேறு மருத்துவரிடம் போனால் திரும்பச் செய்யும் செலவு மிச்சம்.

கடைசியில் மருத்துவர் "இது ஏ.டி.எச்.டி இல்லை" என்று சொன்னால்? காசு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். "அப்படியென்றால் என்ன?" என்று கேளுங்கள். அதற்கும் சிகிச்சைத் திட்டம் சொல்வது அவர் வேலை. காரணம் சொல்லாமல் கைவிரித்தால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம், ஆனால் "ஆமாம்" என்று சொல்கிற ஆள் கிடைக்கும்வரை மாறிக்கொண்டே இருக்காதீர்கள். உங்கள் அழுகைக்கும் களைப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதன் பெயர் எதுவாக இருந்தாலும் வைத்தியம் உங்களுக்கு வேண்டியது.

இதைப் படித்து முடித்ததும் ஃபோனை எடுத்து அப்பாயின்ட்மென்ட் கேட்டுவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தேதியை மட்டும் 20-க்கு அப்புறம் கேளுங்கள். கிடைத்ததும் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள், அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்.